வெறும் வண்டியின் எடை

எடைமேடைக்குப் பக்கத்து அறை எட்டடிக்கு ஆறடி. ஒரு மேசை, உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்த ஒரு நாற்காலி, சிவப்பு எண்கள் எரியும் ஒரு பெட்டி, சீட்டு அடிக்கும் இயந்திரம், சுவரில் விரல் நீளத்துக்கு ஓர் ஆணி. அவ்வளவுதான் சாம்ராஜ்யம். வெளியே லாரி இரும்புத் தகட்டின் மேல் ஏறி நின்றதும் உள்ளே எண் ஓடும். ஓடி நின்றதை எடைக்காரர் ஜன்னல் வழியாகச் சத்தமாகச் சொல்வார். அவர் சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் பேச்சில்லை.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். மூட்டை தூக்கத்தான் அங்கே வந்தார். தூக்கிய தோளைத் தேய்த்துக்கொண்டே எண்களைப் பார்த்துப் பார்த்துப் பழகி, பழைய எடைக்காரர் வராத ஒரு நாளில் காலை முழுக்கத் தனியாகச் சமாளித்துக் காட்டி, அந்த நாற்காலியைப் பிடித்தார். பிடித்து இருபத்திரண்டு வருஷம். காலேஜ் படித்த இரண்டு பேர் நடுவில் வந்தார்கள், கம்ப்யூட்டர் தெரியும் என்றார்கள். ஆறு மாதம் தாங்கவில்லை. பாரத்தோடு நிறுத்தும்போது பின்சக்கரத்தை மட்டும் தகட்டுக்கு வெளியே அரை அடி தள்ளி நிறுத்துகிறவனை அவன் முகத்தைப் பார்த்தே பிடிக்க வேண்டும். அதை எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறான்?

தொழில் இதுதான். வண்டியை வெறுமனே ஒரு தடவை, பாரத்தோடு ஒரு தடவை எடை போட வேண்டும். பெரியதில் சின்னதைக் கழித்தால் சரக்கின் எடை. தினம் வந்து போகிற வண்டிக்கு ஒவ்வொரு தடவையும் வெறும் எடை போட நேரம் ஏது? ஒரு தடவை போட்டு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அந்த எண்ணையே கழித்துக்கொண்டிருப்பது எல்லா எடைமேடையிலும் உள்ள வழக்கம். இருபத்திரண்டு வருஷமாகக் கழித்தல் ஒன்றே வேலை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கழித்துச் சொல்லக்கூடிய மனுஷன்.

அப்படிப்பட்டவர் தன் சட்டைப் பையை மட்டும் எடை போட்டதே இல்லை.

ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே பத்து நிமிஷம் கிடைக்கும். கையில் போன் இருக்கும். விரல் சும்மா இருக்காது. காரே இல்லாதவர் கார் கழுவுகிற பம்பு வாங்கினார். நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு, மூன்று கைக்கடிகாரம், மீன் பிடிக்கிறவர்கள் கரையில் போட்டு உட்காரும் மடக்கு முக்காலி. மீனைச் சமைத்துப் பார்த்திருக்கிறாரே தவிர பிடித்துப் பார்த்ததில்லை. விலாசம் வீட்டுக்குக் கொடுத்தால் கேள்வி வரும் என்று எடைமேடைக்கே கொடுத்திருந்தார். பொட்டலங்கள் மேசைக்கு அடியில் சேர்ந்தன. பாதியைப் பிரிக்கவே இல்லை. பிரிக்கிற ஆசை, பணம் கட்டிய அன்றைக்கே தீர்ந்துவிடும்.

அது போதாதென்று டீ. வருகிற டிரைவருக்கெல்லாம் அவர் கணக்கில் டீ. "அண்ணன் இருக்கும்போது நாம காசு எடுத்தா அண்ணனுக்குக் கோவம் வரும்டா" என்று நெட்டை சொல்வான். ஜல்லி லாரி ஓட்டுகிற அவன் நாளைக்கு நாலு நடை வருவான், நாலு டீ குடிப்பான். பெரிய மனுஷன் என்று பேர் வாங்குவது அவ்வளவு மலிவாக இருந்தது. மாதக் கடைசியில்தான் விலை தெரியும். இருபத்தாறாயிரம் சம்பளத்தில் பன்னிரண்டு வீட்டுக்குப் போகும். மிச்சம் பதினாலாயிரம் எந்தப் பக்கம் இறங்கிப் போனது என்று அவருக்கே தெரியாது.

இதெல்லாம் அவர் மனைவியின் கால் பேசத் தொடங்கும் வரைதான்.

அவர் மனைவிக்குச் சட்டை தைக்கிற கம்பெனியில் சரிபார்க்கிற வேலை. இடுப்பு உயர மேசை. சட்டையை விரித்து, காலரைத் திருப்பி, பட்டனை இழுத்து, பிசிறு நூல் பார்த்து, நல்லதை வலது பக்கம், கோளாறை இடது பக்கம் போட வேண்டும். பத்து மணி நேரமும் நின்றுகொண்டுதான். உட்கார்ந்தால் கண் சொக்கும் என்று கம்பெனியில் நாற்காலி வைக்கவில்லை. பத்தொன்பது வருஷம் அப்படி நின்றதில் முழங்காலுக்குப் பின்னால் நரம்புகள் நீலக் கயிறு போலச் சுருண்டுவிட்டன. கணுக்கால் வீங்கிக் கறுத்திருந்தது. டாக்டர் கட்டை விரலால் அழுத்தினார். எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது.

"நிக்கறதை விடுங்கம்மா. இல்லேன்னா இந்த இடத்துல புண்ணு வரும். வந்துட்டா லேசுல ஆறாது."

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நின்னாத்தான் சம்பளம். உக்காந்தா யார் குடுப்பா?"

வீட்டிலேயே மெஷின் போட்டு, பழைய துணி பிரித்துத் தைக்கிற வேலை செய்யலாம். மெஷின் இருந்தது. ஆனால் வாடிக்கை சேர மாதங்கள் ஆகும். அதுவரை? எடைக்காரர் அந்த பஸ்ஸிலேயே தீர்ப்புச் சொன்னார்.

"ஆறு மாச வீட்டுச் செலவைக் கையில வெச்சுக்குவோம். அன்னைக்கே நீ வேலையை விட்டுடு. சேக்கறது என் பொறுப்பு."

"நீங்களா?" என்றாள். சிரிப்பு வரவில்லை அவளுக்கு, களைப்பாக இருந்தது.

"ஏன், என்னால முடியாதா? மூட்டை தூக்க வந்தவன் நாற்காலியில உக்காந்திருக்கேன்."

வீட்டுச் செலவு அவருக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து எழுதியிருந்தார்: மாதம் இருபத்துநாலாயிரம். அவர் பன்னிரண்டு, அவள் பன்னிரண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு லட்சத்து நாற்பத்துநாலாயிரம். மாதம் எட்டாயிரம் மிச்சம் பிடித்தால் பதினெட்டு மாதம்.

பிடித்தார். அதைச் சொல்லியே ஆக வேண்டும். நாற்பத்தொன்பது வயதில் பழக்கத்தை மாற்றுவது, ஓடுகிற லாரியின் சக்கரத்தை மாற்றுகிற மாதிரி. அவர் மாற்றினார்.

போனிலிருந்த கடைகளை அழித்தார். பேங்கில் தனியாக ஒரு கணக்குத் தொடங்கி, கார்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். சம்பளம் வந்த அன்றே, வேறு கை படுவதற்கு முன்னால், எட்டாயிரம் அங்கே போய்விடும். பையில் அன்றன்றைக்கு உள்ள காசு மட்டும். காலையில் வெளியே கிளம்பும்போது எவ்வளவு, சாயங்காலம் உள்ளே நுழையும்போது எவ்வளவு என்று எடைச் சீட்டின் பின்பக்கம் எழுதினார். லாரிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதைதான் பைக்கும். என்ன செலவு செய்தாய் என்று பையைக் கேட்கவே வேண்டாம்.

ஆசை வந்தால் ஆணி. வாங்க வேண்டும் என்று தோன்றிய பொருளின் பேரையும் விலையையும் ஒரு சீட்டில் எழுதி ஆணியில் குத்திவிடுவார். ஏழு நாள் கழித்துத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். பத்தில் ஒன்பது சீட்டு, வேறு எவனோ ஆசைப்பட்டு எழுதிய மாதிரி இருக்கும். "எவன்டா இவன், மசாஜ் மெஷின் கேக்கறான்?" என்று அவரே கேட்டுவிட்டுக் கிழிப்பார்.

மேசைக்கு அடியில் கிடந்ததையெல்லாம் டிரைவர்களிடமே பாதி விலைக்குத் தள்ளினார். கார் கழுவுகிற பம்பை நெட்டை வாங்கினான், லாரி கழுவ. முக்காலியை மட்டும் யாரும் தொடவில்லை.

டீதான் கஷ்டமாக இருந்தது. முதல் வாரம் நெட்டை ஜன்னலில் வந்து நின்றான்.

"அண்ணே, டீக்காரர் கேக்கறாரு, உங்களுக்கு உடம்பு சரியில்லையான்னு."

"நல்லாத்தான் இருக்கேன்."

"பின்ன ஏன் வாய் கட்டிக்கிச்சு? பத்து வருஷம் ஊருக்கே ஊத்திட்டு இப்ப ஒரேடியா குழாயை மூடிட்டீங்களே."

"நீ ஊத்தேன், குடிக்கறேன்."

அவன் ஊற்றவில்லை. அடுத்த வாரம் அவருக்கு 'குழாய்' என்று பட்டப்பேர் வந்தது. "குழாய் திறந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வண்டியை ஏற்றுவார்கள். பெரிய மனுஷன் பட்டம் போனதில் ராத்திரிச் சாப்பாடு இறங்காத நாட்கள் உண்டு. ஆனாலும் பாஸ்புக்கை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, மாதம் ஒரு முறை திறந்து பார்ப்பார். நெஞ்சு நிமிரும். அதை மனைவியிடம் காட்டவில்லை. தொகை முழுசாகச் சேர்ந்த அன்று மேசையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவள் வாயைப் பிளக்க வேண்டும்.

எட்டு மாதம் ஆனபோது அவள் ஒரு நாள் கேட்டாள்.

"என்னங்க, வீட்டுக்குக் குடுக்கறதைக் கொஞ்சம் கூட்டிக் குடுங்களேன். இழுபறியா இருக்கு. வாடகையும் மறுபடி ஏத்திட்டாங்க."

எடைக்காரருக்குச் சுருக்கென்றது. ஒரு டீக்கு வாய் கட்டி, ஊரெல்லாம் குழாய் என்று பேர் வாங்கி, இங்கே வந்தால் பத்தவில்லையாம்.

"எனக்கே கணக்கு சொல்றியா? நான் ஒரு நாளைக்கு அறுபது வண்டிக்குக் கணக்குப் போடறவன். இருபத்துநாலுன்னா இருபத்துநாலு. நான் இறுக்கிப் பிடிக்கும்போது நீயும் கொஞ்சம் இறுக்கிப் பிடி."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த வாரம் சொன்னாள், அவள் அக்காவுக்கு உடம்பு முடியவில்லையாம், ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கூட இருந்துவிட்டு வரட்டுமா என்று. "தாராளமா போயிட்டு வா" என்றார். எடைமேடைக்கு ஞாயிறும் உண்டு. அவள் அங்கேயாவது காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

பதினெட்டாவது எட்டாயிரம் ஒரு சனிக்கிழமை விழுந்தது. ஒரு லட்சத்து நாற்பத்துநாலு. ஞாயிறு காலையில் பாஸ்புக்கைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்தாயிற்று. 'நாளையிலேருந்து நீ உக்காரலாம்.' அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் கூடாது.

அப்போதுதான் கழிவுத் துணி லாரி வந்தது. தையல் கம்பெனியில் வெட்டி மிஞ்சும் துண்டுத் துணியை மூட்டை கட்டி ஏற்றிப் போகிற வண்டி. ஓட்டுகிறவனைக் கட்டைக்குரல் என்பார்கள். பேசினால் தகரம் அதிரும். அவன் வழக்கமாகப் பாரத்தோடுதான் வருவான். இன்று காலியாக வந்து தகட்டில் ஏறி நின்றான்.

"அண்ணே, வெறும் எடை போடுங்க."

"எதுக்கு? உன் வண்டிதான் நோட்டுல இருக்கே. மூவாயிரத்து இருநூத்திப் பத்து."

"அது என்னைக்குப் போட்டது? ஒவ்வொரு நடையும் உங்க சீட்டுல இருக்கற சரக்கு அங்க போனா இருநூறு கிலோ குறையுது. மொதலாளி நான் வழியில வித்துட்டேங்கறாரு. சம்பளத்துல பிடிக்கறாரு."

"என் மேடையில தப்புங்கறியா?"

"மேடையைச் சொல்லலைண்ணே. போட்டுத்தான் பாருங்களேன். காசா பணமா?"

எண் ஓடி நின்றது. மூவாயிரத்து நானூற்று முப்பது. எடைக்காரர் எழுந்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி நாலு சக்கரத்தையும் பார்த்தார். எல்லாம் தகட்டின் மேல்தான் இருந்தன. வண்டியில் ஒரு துணித் துண்டுகூட இல்லை.

"இருநூத்தி இருபது கிலோ எங்கேருந்து வந்துச்சு?"

"எங்கேருந்து வரும்? பக்கப் பலகையை உசத்திக் கட்டினோம். தார்ப்பாய் பெருசாச்சு. இன்னொரு ஸ்பேர் டயர். பெட்டி, சங்கிலி. மூணு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா ஏறியிருக்கு. நீங்க பழைய எடையையே கழிச்சுட்டு இருந்தீங்க. நடுவுல ஏறினதை நான் சொமந்தேன்."

அவர் பழைய எண்ணை அடித்து, புதியதை எழுதினார். கையெழுத்துப் போட்டார். கட்டைக்குரல் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டே கேட்டான்.

"நேரா கம்பெனிக்குத்தான் போறேன். அக்காகிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"எந்த அக்கா?"

"உங்க வீட்டு அக்காதான்."

"இன்னைக்கு ஞாயிறுடா. அவ அவங்க அக்கா வீட்டுல இருக்கா."

கட்டைக்குரல் அவரைப் பார்த்தான். பிறகு ஸ்டீரிங்கைப் பார்த்தான். அவனுக்கு மெதுவாகப் பேச வராது, முயற்சி செய்தான்.

"அண்ணே, நான் மூட்டை ஏத்தற பக்கந்தான் அவங்க மேசை. பத்து மாசமா ஞாயிறு தவறாம பாக்கறேன். ஞாயிறுன்னா ரெட்டைக் கூலில்ல. ஒரு காலைத் தூக்கி, அப்புறம் இன்னொரு காலைத் தூக்கி, கொக்கு மாதிரி மாத்தி மாத்தி நிக்கும். நான்கூட ஒருநாள் மூட்டை மேல உக்காருங்கக்கான்னேன். சூப்பர்வைசர் பாப்பாருன்னுச்சு." நிறுத்தினான். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

வண்டி இறங்கிப் போனது. தகடு ஒரு முறை அதிர்ந்து அடங்கியது. பெட்டியில் எண் பூஜ்யத்துக்கு வந்து நின்றது.

அதன் பிறகு வந்த லாரிகளுக்கு எடைக்காரர் சத்தமாகச் சொல்லவில்லை. "என்னண்ணே, இன்னைக்குத் தொண்டையும் மூடிடுச்சா?" என்று நெட்டை கேட்டான். சீட்டை மட்டும் நீட்டினார். நடுவில் கிடைத்த பத்து நிமிஷத்தில் பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். மூன்று வருஷத்துக்கு முந்தைய அவர் எழுத்து, நல்ல தடிமனாக. வாடகை ஏழாயிரத்து ஐந்நூறு. வாடகை இரண்டு தடவை ஏறிவிட்டது. இரண்டு தடவையும் அவள் சொன்னாள். இரண்டு தடவையும் 'சரி' என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டது ஞாபகம் வந்தது.

மற்றவர்களாக இருந்தால் பக்கத்து அலுவலகத்துப் பையனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அவர் முதலாளிக்கே போன் செய்து, ஒரு மணி நேரம் முன்னால் போகிறேன் என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

வீடு இரண்டாவது மாடியில், ஓர் அறையும் சமையலறையும். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். வழக்கமாக ஞாயிறு அவர் வரும்போது மனைவி வந்திருப்பாள். இன்று அவர் முதலில் வந்து உட்கார்ந்திருந்தார். அதனால்தான் கேட்டது. கீழே மாடிப்படியில் செருப்புச் சத்தம். நாலு படி, நிறுத்தம். நாலு படி, நிறுத்தம். முப்பத்திரண்டு படிக்கு அவள் எட்டு தடவை நின்றாள். எண்ணிப் பழகியவருக்கு எண்ணாமல் இருக்க முடியவில்லை.

கதவைத் திறந்தவள் அவரைப் பார்த்து நின்றாள்.

"என்னங்க, இன்னைக்குச் சீக்கிரமே?"

"அக்கா எப்படி இருக்கா?"

"பரவாயில்லை. இன்னைக்குக் கொஞ்சம்..." அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். பையைக் கீழே வைத்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். "யாரு சொன்னா?"

"கழிவுத் துணி லாரி."

"அவன் குரல்ல ரகசியம் எங்க தங்கும்."

அவள் காலை நீட்டினாள். கணுக்காலில் செருப்பு வார் பதிந்த இடத்தில் ஒரு வாய்க்கால் ஓடியிருந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே." குரலில் கோபமே இல்லை. கோபத்துக்கும் தெம்பு வேண்டும் இல்லையா. "ஒரு தடவை சொன்னேன். நீங்க அறுபது வண்டிக்குக் கணக்குப் போடறவரு. நான் வேற என்ன சொல்றது? ஞாயித்துக்கிழமை போனேன். சரியாப் போச்சு."

எடைக்காரர் பையிலிருந்து வெற்று எடைச் சீட்டு ஒன்றை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

"சொல்லு. இன்னைக்கு இந்த வீடு என்ன எடை? பழசை விடு. ஒண்ணு விடாம சொல்லு."

அவள் நம்பாத மாதிரிதான் பார்த்தாள். பிறகு சொன்னாள். வாடகை ஒன்பதாயிரத்து ஐந்நூறு. மளிகைக்கு அவர் எழுதியிருந்ததைவிட ஆயிரத்து எண்ணூறு கூட. பஸ் கட்டணம் ஏறியது அவருக்கே தெரியும், ஆனால் ஏறியது அவர் எழுதின தாளில் ஏறவில்லை. காலுக்குப் போடும் இறுக்கமான உறை, மாத்திரை. அவர் சட்டைக்கு வாங்கிய சோப்புவரை சொன்னாள். சொல்லச் சொல்ல எழுதினார். கூட்டினார். இருபத்தொன்பதாயிரம். பத்து மாதமாக அந்த ஐயாயிரம் பள்ளத்தை அவள் நின்று நின்று நிரப்பியிருக்கிறாள்.

பாஸ்புக்கை எடுத்து மேசையில் வைத்தார். ஒத்திகை பார்த்த வாக்கியம் வரவில்லை. தள்ளிவிட்டார். அவள் எடுத்துப் பார்த்தாள். எழுத்துக் கூட்டுகிற மாதிரி உதடு அசைந்தது.

"ஒரு லட்சத்து..." என்றாள். "நெஜமாவேவா? நீங்களா?"

"ஆறு மாசத்துக்குன்னு சேத்தேன். இருபத்தொன்பதுன்னா அஞ்சு மாசத்துக்குக்கூட வரலை. முப்பதாயிரம் குறையுது." நாற்பத்தொன்பது வயதில் தொடங்கி ஐம்பதைத் தாண்டியாயிற்று. தோற்ற முகத்தை மறைக்க இடமில்லாத அறை அது. "இன்னும் நாலு மாசம் ஆகும்."

அவள் பாஸ்புக்கை மூடினாள்.

"நாலு மாசம்தானே. நின்னுடறேன்."

சொல்லிவிட்டுக் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். தேய்த்த கை நடுவில் நின்றது. அந்தச் சீட்டை எடுத்தாள். மேலே, கீழே பார்த்தாள். பின்பக்கம் திருப்பினாள். காலரைத் திருப்பிப் பார்க்கிற அதே பார்வை. பத்தொன்பது வருஷமாகக் கோளாறு கண்டுபிடிப்பதுதான் அவளுக்குச் சம்பளம்.

"என்னங்க, ஒண்ணு கேக்கறேன், திட்டாதீங்க. நான் வேலையை விட்டா உங்க வேலையும் போயிடுமா?"

"அது எதுக்குப் போகுது?"

"உங்க பன்னெண்டாயிரம் மாசாமாசம் வீட்டுக்கு வரும்தானே?"

"வரும்."

"இந்த எட்டாயிரம்? சேக்க வேண்டிய வேலை முடிஞ்சா அதுவும் வீட்டுக்கு வரும்தானே?"

அவர் தலையாட்டினார்.

"அப்ப இருபதாயிரம் வருது. இருபத்தொன்பதுல குறையறது ஒன்பதாயிரம்தானே. நீங்க எதுக்கு மொத்த வீட்டையும் சேத்து வெச்சிருக்கீங்க?"

எடைக்காரர் சீட்டைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம். லட்சக்கணக்கான வண்டி. பெரியதில் சின்னதைக் கழிக்காமல் ஒரு சீட்டு அவர் கையைவிட்டுப் போனதில்லை. சொந்த வீட்டுக்கு மட்டும் வண்டியோடு சேர்த்துச் சரக்கு என்று எழுதி வைத்திருக்கிறார். மாதம் ஒன்பதாயிரம் என்றால் கையில் இருப்பது பதினாறு மாதத்துக்கு வரும். பேனா தானாகப் பின்னோக்கிப் போனது. அவள் 'கூட்டிக் குடுங்களேன்' என்று கேட்ட அந்த எட்டாவது மாதம் கணக்கில் அறுபத்துநாலாயிரம் இருந்தது. அன்றைக்கே ஆறு மாதத்துக்குப் போதும், அதற்கு மேலேயே இருந்தது. ஒரு ஞாயிறுகூட அவள் நின்றிருக்க வேண்டியதில்லை.

பேனாவை மூடினார். அவளுக்கும் தெரிந்துவிட்டது. கோளாறைப் பார்த்தால் இடது பக்கம் போட்டுவிட்டு அடுத்த சட்டையை எடுப்பதுதான் அவள் வழக்கம்.

"நீங்க இந்தப் புத்தகத்தைக் காட்டியிருந்தா நான் அப்பவே கேட்டிருப்பேன்" என்றாள். "பூட்டி வெச்சா யாருக்குத் தெரியும்?"

"முழுசா சேந்ததும் காட்டி உன்னை அசத்தலாம்னு..."

"அசந்துட்டேன்" என்றாள். "ரொம்ப அசந்துட்டேங்க. கொஞ்சம் அந்தத் தலையணையை எடுங்க."

காலுக்கு அடியில் தலையணையை வைத்தார். திங்கட்கிழமை அவள் கம்பெனியில் சொல்லிவிட்டாள். பதினைந்து நாள் வந்தாக வேண்டும் என்றார்கள். ஞாயிறு வர முடியாது என்று அவள் சொல்லிவிட்டாள். பாஸ்புக் மறுபடி எடைமேடை இழுப்பறைக்குப் போகவில்லை, வீட்டு அலமாரியிலேயே தங்கியது, பூட்டு இல்லாத அலமாரியில். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்குப் புது எடை போடுவது என்று முடிவாயிற்று. எழுதுவது அவர், திருப்பிப் பார்ப்பது அவள்.

மடக்கு முக்காலியையும் கொண்டுவந்து அவள் முன்னால் விரித்து வைத்தார். எப்போது வாங்கியது என்று கேட்டாள். சொன்னார். எவ்வளவு என்று கேட்டாள். அதையும் சொன்னார். அவள் இரண்டு காலையும் தூக்கி அதன் மேல் வைத்துப் பார்த்தாள்.

"ஆடுது" என்றாள். ஆனால் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கழிவுத் துணி லாரி பாரத்தோடு வந்து தகட்டில் நின்றது. எண் ஓடி நின்றது. எடைக்காரர் புது வெறும் எடையைக் கழித்துச் சீட்டை நீட்டினார். கட்டைக்குரல் வாங்கிக்கொண்டே கேட்டான்.

"என்னண்ணே, இன்னைக்கு மேசையில அக்காவைக் காணோமே?"

"வீட்டுல உக்காந்திருக்கா" என்றார் எடைக்காரர்.

அதை அவர் ஜன்னல் வழியாகச் சத்தமாகச் சொன்னார். பின்னால் வரிசையில் நின்ற நெட்டை எட்டிப் பார்த்து, "குழாய் திறந்துடுச்சுடா" என்றான். டீ மட்டும் அவரவர் காசில்தான் குடித்தார்கள்.